நெட்வொர்க் ஸ்கேனரைக் கம்ப்யூட்டரோடு இணைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஜூலை மாதம், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் நெருக்கடி. மூலையில் நல்ல மல்டிஃபங்ஷன் மெஷின் ஒன்று இருந்தது. ஜெராக்ஸ், பிரிண்ட் இரண்டும் தடையில்லாமல் வந்தன. ஸ்கேன் மட்டும் பென் டிரைவில்தான். ஒவ்வொரு வாடிக்கையாளரின் தாள்களையும் பென் டிரைவில் ஏற்றி, மேசைக்குக் கொண்டுபோய்ச் சொருகி, காப்பி செய்து, திரும்பக் கொண்டுவந்து வைப்பார்கள். "வாங்கின முதல் வாரம் ஸ்கேன் நேராக கம்ப்யூட்டருக்கு வந்தது சார், அப்புறம் நின்றுவிட்டது" என்றார் அங்கே வேலை செய்யும் பெண். மெஷினில் பழுது எதுவும் இல்லை. கரண்ட் போய் வந்த ஒரு நாளில் ரவுட்டர் எல்லாக் கருவிகளுக்கும் புது ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்) கொடுத்துவிட்டது. மெஷின் பழைய முகவரியிலேயே கம்ப்யூட்டரைத் தேடிக்கொண்டிருந்தது.

இதே கதையை வேறு வேறு அலுவலகங்களில் பார்த்துவிட்டேன். அதனால் டிரைவர் (மெஷினைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் மென்பொருள்) சிடியைத் தேடுவதற்கு முன்னால், ஸ்கேன் எந்த வழியாக வரவேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அடுத்து, மெஷினுக்கு ஒரு நிலையான முகவரி கொடுங்கள். இந்த இரண்டும் முடிந்தால் மீதி வேலை ஒரு மணி நேரத்தில் முடியும்.

இழுப்பதா, தள்ளுவதா?

நெட்வொர்க் ஸ்கேனர் வேலை செய்ய இரண்டு வழிகள் உண்டு. நான் அவற்றை இழுக்கும் வழி, தள்ளும் வழி என்று சொல்வேன்.

இழுக்கும் வழியில் நீங்கள் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறீர்கள். ஒரு ஸ்கேன் புரோகிராமைத் திறந்து பட்டனை அழுத்தினால் மெஷின் ஓடும், படம் உங்கள் திரைக்கு வரும். கம்ப்யூட்டரில் டிரைவர் வேண்டும், அல்லது டிரைவர் இல்லாமலே பேசும் புதிய முறையை மெஷின் அறிந்திருக்க வேண்டும்.

தள்ளும் வழியில் நீங்கள் மெஷின் முன்னால் நிற்கிறீர்கள். தாள்களை வைத்து, பேனலில் ஒரு பெயரைத் தொட்டு, ஸ்டார்ட்டை அழுத்தினால் ஃபைல் உங்கள் ஃபோல்டரிலோ மெயிலிலோ போய் விழும். இதற்கு டிரைவர் தேவையே இல்லை. சரியான ஃபோல்டர், யூசர் நேம், பாஸ்வேர்டு இருந்தால் போதும். டிரைவரை மூன்று முறை அழித்து மீண்டும் போட்டும் ஃபோல்டருக்கு ஸ்கேன் வரவில்லை என்று வருந்துபவர்கள் பலர். இந்த வேறுபாட்டை யாரும் அவர்களுக்குச் சொல்லாததுதான் காரணம்.

ஒன்றிரண்டு தாள், போட்டோ, பழைய புத்தகம் என்றால் இழுக்கும் வழி வசதி. தினமும் கட்டுக்கட்டாகத் தாள் ஓடும் இடத்துக்குத் தள்ளும் வழிதான் சரி. வீட்டு மாடல்களில் பேனலில் "ஸ்கேன் டு கம்ப்யூட்டர்" என்று ஒரு பட்டன் இருக்கும். அது இடைப்பட்ட வகை. பட்டன் மெஷினில் இருந்தாலும், அந்த நிறுவனத்தின் புரோகிராம் கம்ப்யூட்டரில் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால்தான் உங்கள் கம்ப்யூட்டரின் பெயர் பேனலில் தெரியும்.

முதல் வேலை: முகவரியை நிலைநிறுத்துவது

முடிந்தால் மெஷினுக்கு லேன் கேபிள் போடுங்கள். வைஃபைதான் என்றால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பல மெஷின்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும், 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் அவற்றின் பட்டியலில் வராது. விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையில் மெஷினை இணைக்கவே கூடாது. அதில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி ரவுட்டர் தடுத்து வைத்திருக்கும்.

அடுத்து, பேனலில் நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் போய் ஐபி முகவரியைப் பாருங்கள், அல்லது நெட்வொர்க் ரிப்போர்ட்டை அச்செடுங்கள். அதில் மேக் முகவரியும் (கருவிக்குத் தயாரிப்பிலேயே கொடுத்த அடையாள எண்) இருக்கும். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். ஐபி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து மெஷினுக்கு முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். கேபிளையோ வைஃபை பாஸ்வேர்டையோ சரிபார்க்காமல் மேலே போகாதீர்கள்.

முகவரியை நிலையாக்க நான் எப்போதும் ரவுட்டரிலேயே செய்வேன். பிரவுசரில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), டிஹெச்சிபி (கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும்) பகுதியில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்பதைத் தேடுங்கள். மெஷினின் மேக் முகவரிக்கு எதிரே ஒரு ஐபியை, உதாரணமாக 192.168.1.50 என்று, எழுதிச் சேமித்து மெஷினை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். எத்தனை முறை கரண்ட் போனாலும் இனி அதே எண்தான். ஸ்கேன் போய்ச் சேரவேண்டிய கம்ப்யூட்டருக்கும் இதே போல ஒன்றை ஒதுக்குங்கள். 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம்.

ரவுட்டரில் அந்த வசதி இல்லை என்றால் மெஷினின் பேனலிலேயே எண்ணை நேரடியாகக் கொடுக்கலாம். அப்படிச் செய்யும்போது ரவுட்டர் தானாக வழங்கும் எண்களின் வரம்புக்கு வெளியே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று இருக்கும். கேட்வே (ரவுட்டரின் முகவரி), டிஎன்எஸ் (இணையப் பெயர்களை முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) கட்டங்களை காலியாக விடாதீர்கள். விட்டால் ஃபோல்டருக்கு ஸ்கேன் போகும், மெயிலுக்கு மட்டும் போகாது. காரணம் தெரியாமல் நாள் கணக்கில் அலையவேண்டி வரும்.

இப்போது கம்ப்யூட்டரின் பிரவுசரில் 192.168.1.50 என்று அடியுங்கள். மெஷினின் சொந்தப் பக்கம் திறந்தால் பாதை சரி. பாதுகாப்பில்லாத இணைப்பு என்று பிரவுசர் எச்சரிக்கலாம். மெஷின் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சான்றிதழ் அது, அலுவலகத்துக்குள் இருக்கும் மெஷின்தான் என்பது உறுதியானால் தொடரலாம். உள்ளே போனதும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், தேதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள். கடிகாரம் தவறாக இருந்தால் மெயில் அனுப்பும் பாதுகாப்பான இணைப்பு மறுக்கப்படலாம்.

பக்கம் திறக்கவில்லையா? நம் ஊரில் ஒரு காரணத்தை அடிக்கடி பார்க்கிறேன். ஃபைபர் இணைப்பு கொடுத்தவர் வைத்த மோடமே ஒரு ரவுட்டர். வைஃபை எட்டவில்லை என்று அதோடு இன்னொரு ரவுட்டரைக் கடையில் வாங்கி மாட்டியிருப்பார்கள். மெஷின் ஒன்றில், கம்ப்யூட்டர் மற்றொன்றில். ஒன்றின் முகவரி 192.168.1 என்று தொடங்கும், மற்றது 192.168.0 என்று. இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு (முகவரி வழங்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் நிலை) மாற்றினால் எல்லாம் ஒரே நெட்வொர்க்காகிவிடும்.

இழுக்கும் வழி: விண்டோஸில்

முதலில் நெட்வொர்க் எந்த வகையில் இருக்கிறது என்று பாருங்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்டுக்குள் உங்கள் இணைப்பைத் திறந்தால் பப்ளிக், பிரைவேட் என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். பப்ளிக் என்றிருந்தால் விண்டோஸ் அக்கம்பக்கத்துக் கருவிகளைத் தேடாது. உங்கள் சொந்த நெட்வொர்க் என்றால் பிரைவேட் ஆக்குங்கள்.

பிறகு புளூடூத் அண்ட் டிவைசஸ், அதற்குள் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ், அதில் ஆட் டிவைஸ். மெஷின் பட்டியலில் வந்தால் சேருங்கள். இப்போதைய மெஷின்கள் டபிள்யூஎஸ்டி அல்லது இஎஸ்சிஎல் என்னும் முறையில் தனி டிரைவர் இல்லாமலே ஸ்கேன் தரும். ஆப்பிள் உலகில் ஏர்ஸ்கேன் என்று சொல்வது இந்த இஎஸ்சிஎல்தான்.

மெஷின் சேர்ந்துவிட்டது, பிரிண்ட் வருகிறது, ஆனால் ஸ்கேனர் இல்லை என்கிறதா? பிரிண்ட் டிரைவர் மட்டும் ஏறியிருக்கிறது. தயாரிப்பாளரின் தளத்துக்குப் போய் உங்கள் மாடலின் எண்ணைச் சரியாகக் கொடுத்து, முழு டிரைவர் தொகுப்பை இறக்குங்கள். அங்கே சிறிய பேசிக் டிரைவரும் இருக்கும், அதை எடுக்காதீர்கள். நிறுவும்போது யுஎஸ்பியா நெட்வொர்க்கா என்று கேட்டால் நெட்வொர்க் என்று சொல்லுங்கள். தேடிக் கிடைக்கவில்லை என்றால் ஐபி முகவரியைக் கையால் கொடுக்கும் கட்டம் பெரும்பாலும் இருக்கும். 192.168.1.50 என்று அடியுங்கள். முகவரியை முதலில் நிலையாக்கியதன் பலன் இங்கே கிடைக்கிறது.

ஸ்கேன் புரோகிராமில் டிவெய்ன், டபிள்யூஐஏ என்று இரண்டு பெயர்கள் கண்ணில் படும். டிவெய்ன் 1992-இல் வந்த பொது முறை. டபிள்யூஐஏ மைக்ரோசாஃப்டுடையது, எளிமையானது. இரண்டு பக்க ஸ்கேன், வெற்றுப் பக்கத்தைத் தானே நீக்குவது போன்ற நுணுக்கங்கள் வேண்டுமென்றால் டிவெய்னைத் தேர்ந்தெடுங்கள். 32 பிட் டிவெய்ன் டிரைவரை 64 பிட் புரோகிராம் நேரடியாகப் பார்க்காது. டிரைவர் ஏறியும் பெயர் வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

சோதித்துப் பார்க்க விண்டோஸோடு வரும் ஃபேக்ஸ் அண்ட் ஸ்கேன் போதும். தினசரி வேலைக்கு நாப்ஸ்2 என்ற இலவச, ஓப்பன் சோர்ஸ் புரோகிராமை மனதார சிபாரிசு செய்கிறேன். பல தாள்களை ஒரே பிடிஎஃப் ஆக்கும், பக்கங்களை இழுத்து வரிசை மாற்றலாம், தமிழ் உட்பட பல மொழிகளில் எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைப் படித்து டெக்ஸ்ட் ஆக்கும் வசதி) உண்டு. யுஎஸ்பி ஸ்கேனர் மட்டுமே வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. ஸ்கேனர் ஷேரிங்கைப் போட்டால், அந்தக் கம்ப்யூட்டரில் செருகிய ஸ்கேனரை நெட்வொர்க்கில் உள்ள மற்றவர்களும் பயன்படுத்தலாம்.

ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸில் சேர்த்துவிட்டு இமேஜ் கேப்சரைத் திறந்தால் வேலை முடிந்தது. லினக்ஸில் சேன்-ஏர்ஸ்கேன் என்ற தொகுப்பு இருந்தால் புதிய மெஷின்கள் டாக்குமென்ட் ஸ்கேனர் புரோகிராமில் தானாகவே தெரியும்.

தள்ளும் வழி: ஃபோல்டருக்கு

கூரியர்காரர் வீட்டுக்கு வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு முகவரி தெரியவேண்டும், கேட் திறக்கச் சாவி வேண்டும், பொட்டலத்தை வைக்க அனுமதி வேண்டும், வீட்டில் யாராவது விழித்திருக்க வேண்டும். நான்கில் ஒன்று குறைந்தாலும் ஸ்கேன் வராது. முகவரியை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். அடுத்தது சாவி.

பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இதுதான். நீங்கள் தினமும் கம்ப்யூட்டரில் நான்கு இலக்க பின் எண்ணை அடித்து நுழைகிறீர்கள். அதை மெஷினில் கொடுத்தால் ஏற்காது. பின் எண் அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்காருபவருக்கு மட்டும்தான், நெட்வொர்க் வழியாக வருபவருக்குப் பாஸ்வேர்டுதான் வேண்டும். உங்கள் சொந்தப் பாஸ்வேர்டை மெஷினில் எழுதி வைப்பதும் நல்லதில்லை. ஸ்கேனுக்கென்றே ஒரு கணக்கு தொடங்குங்கள்.

1. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுண்ட். மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். பெயரைச் சிறிய ஆங்கில எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். ஆனால் மெஷினின் சின்னத் திரையில் அடிக்க முடியாத குறியீடுகள் வேண்டாம். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கொடுக்காதீர்கள். விண்டோஸ் புரோ என்றால் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில் இந்தக் கணக்கின் பாஸ்வேர்டு காலாவதியாகாது என்பதை டிக் செய்யுங்கள்.

2. டி டிரைவில் நேரடியாக ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ வைக்க வேண்டாம். அவை பல கம்ப்யூட்டர்களில் ஒன்டிரைவுக்குள் போய்விட்டிருக்கும். இதன் பெயரும் ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல்.

3. அந்த ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் ஷேரிங், அட்வான்ஸ்டு ஷேரிங், பெர்மிஷன்ஸ். எவ்ரிஒன் என்பதை நீக்குங்கள். புதுக் கணக்கைச் சேர்த்து ரீட், சேஞ்ச் இரண்டையும் கொடுங்கள். நீங்கள் வேறு கம்ப்யூட்டரிலிருந்தும் இந்த ஃபோல்டரைத் திறப்பதாக இருந்தால் உங்கள் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. பக்கத்திலேயே உள்ள செக்யூரிட்டி டேபுக்குப் போய் அதே ஸ்கேன் கணக்குக்கு மாடிஃபை கொடுங்கள். இந்த இரண்டு இடங்களில் எது கடுமையானதோ அதுதான் செல்லும். ஒன்றில் கொடுத்து மற்றதில் மறந்தால் கதவு பூட்டியே இருக்கும்.

5. அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில், பிரைவேட் நெட்வொர்க்குக்கு ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்கை ஆன் செய்யுங்கள். தனியாக ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதன் ஃபயர்வாலும் 445-ஆம் போர்ட்டை விடவேண்டும்.

6. பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை நெவர் ஆக்குங்கள். திரை அணையலாம், கம்ப்யூட்டர் தூங்கக்கூடாது. காலையில் வேலை செய்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நின்றுபோகும் ஸ்கேனுக்கு இதுவே காரணமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மெஷினுக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். வேறொரு கம்ப்யூட்டரில் விண்டோஸ் கீயோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் கட்டத்தில் இரண்டு பின்சாய்வுக்கோடு (\), 192.168.1.20, ஒரு பின்சாய்வுக்கோடு, ஃபோல்டரின் ஷேர் பெயர் என்று அடியுங்கள். புதுக் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து நுழைந்து, உள்ளே ஒரு டெக்ஸ்ட் ஃபைலை உருவாக்கிப் பாருங்கள். உருவானால் கம்ப்யூட்டர் பக்கம் சரி, இனி வரும் எந்தக் குறையும் மெஷின் பக்கத்தில். உருவாகாவிட்டால் மெஷினைத் தொடவே வேண்டாம். இந்த ஒரு சோதனை அரை நாளை மிச்சப்படுத்தும்.

இனி மெஷினின் வெப் பக்கத்தில் அட்ரஸ் புக்கைத் திறந்து புதிய பெயர் சேருங்கள். வகை நெட்வொர்க் ஃபோல்டர் அல்லது எஸ்எம்பி (நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் முறை). சில மெஷின்கள் முழுப் பாதையையும் ஒரே கட்டத்தில் கேட்கும். சிலவற்றில் ஹோஸ்ட் தனி, பாத் தனி. அப்படி இருந்தால் ஹோஸ்டில் ஐபி, பாத்தில் ஷேர் பெயர் மட்டும், கோடுகள் இல்லாமல். யூசர் நேம் ஏற்கவில்லை என்றால் அதற்கு முன்னால் கம்ப்யூட்டரின் பெயரையும் ஒரு பின்சாய்வுக்கோட்டையும் சேர்த்துப் பாருங்கள். கனெக்‌ஷன் டெஸ்ட் பட்டன் இருந்தால் அழுத்திப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பழைய மெஷின் இணையவில்லையா? எஸ்எம்பி முறையின் பதிப்பைப் பாருங்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் தீம்பொருள்) உலகம் முழுக்கப் பரவியது எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் எஸ்எம்பி1-ஐ இயல்பாக நிறுவுவதை நிறுத்திவிட்டது. பழைய மெஷின் சிலவற்றுக்கு அது மட்டும்தான் தெரியும். விண்டோஸில் எஸ்எம்பி1-ஐத் திரும்ப ஆன் செய்யச் சொல்லிப் பலர் வழிகாட்டுவார்கள். தயவுசெய்து வேண்டாம். வாடிக்கையாளரின் பான் கார்டும் ஆதாரும் இருக்கும் கம்ப்யூட்டர் அது. மெஷினுக்குப் புதிய ஃபர்ம்வேர் (மெஷினின் உள் மென்பொருள்) வந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மெயில் வழிக்குப் போங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு மாறியபின் நின்றிருந்தால் காரணம் வேறு. அதன் புரோ பதிப்பு எஸ்எம்பி சைனிங்கை (வரும் தகவலின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்ப்பது) கட்டாயமாக்கியது, பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவையும் மூடியது. பாஸ்வேர்டு இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் மேலே சொன்னபடி தனிக் கணக்குக்கு மாறினால் பல மெஷின்கள் சரியாகிவிடும்.

மெயிலுக்கு

ஜிமெயிலை எடுத்துக்கொள்வோம். சர்வர் எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம். இணைப்பின் பாதுகாப்பு முறை, போர்ட் 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ், 465 என்றால் எஸ்எஸ்எல். உங்கள் வழக்கமான பாஸ்வேர்டு இங்கே செல்லாது. பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் கொண்டு பழைய கருவிகள் நுழைவதை கூகுள் 2022 மே 30-இல் நிறுத்தியது. கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை ஆன் செய்து, ஆப் பாஸ்வேர்டு என்ற 16 எழுத்துக் குறியீட்டை உருவாக்கி, அதை மெஷினில் இடைவெளி இல்லாமல் அடிக்கவேண்டும். இதற்கும் ஸ்கேனுக்கென்று தனி மெயில் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

25 எம்பி வரை அனுப்பலாம் என்பார்கள். இணைக்கும் ஃபைல் மெயிலில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். ஆகவே 18 எம்பிக்கு மேல் ஃபைல் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

தரம்: எண்களை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஏ4 தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) எடுத்தால் 2480-க்கு 3508 புள்ளிகள், அதாவது சுமார் 87 லட்சம். கலரில் சுருக்காமல் வைத்தால் ஒரு பக்கம் 26 எம்பி, கறுப்பு வெள்ளையில் ஒரு எம்பிக்குச் சற்று மேல். 600 டிபிஐ என்றால் நான்கு மடங்கு. அலுவலகத் தாள்களுக்கு 300-க்கு மேல் தேவைப்படாது, எழுத்துணரிக்கும் அதுவே பொருத்தமான அளவு. சீல், கையெழுத்து உள்ளவற்றைக் கலரில் எடுங்கள், மற்றவற்றுக்கு கிரே போதும்.

ஃபைல் சிறிதாகவேண்டும் என்று சுருக்கத்தை அளவுக்கு மீறி ஏற்றாதீர்கள். 2013-இல் ஜெர்மனியின் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் வொர்க்சென்டர் மெஷின்கள் ஸ்கேனில் எண்களையே மாற்றுவதைக் கண்டுபிடித்தார். ஒரு கட்டட வரைபடத்தில் அறைகளின் பரப்பளவு தவறாக வந்தது. ஒரே மாதிரி தெரியும் எழுத்துகளை ஒன்றாக்கிச் சேமிக்கும் ஜேபிக்2 சுருக்கம்தான் காரணம். 6 இருந்த இடத்தில் 8 வந்தது, எழுத்தோ பளிச்சென்று இருந்தது. நிறுவனம் பின்னர் மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. பத்திரம், பேங்க் ஸ்டேட்மென்ட் போன்றவற்றுக்குத் தர அளவை உயர்வாகவே வையுங்கள்.

நம் ஊர்ப் பத்திரங்களுக்கு இன்னும் இரண்டு விஷயங்கள். முத்திரைத்தாள் ஏ4-ஐவிட நீளம். ஏ4 கண்ணாடியில் வைத்தால் அடிப்பகுதி வெட்டுப்படும், சாட்சிக் கையெழுத்தும் சீலும் அங்கேதான் இருக்கும். லீகல் அளவு எடுக்கும் ஃபீடரில் (தாளைத் தானாக இழுக்கும் பகுதி) போடலாம். ஆனால் மடிப்பில் கிழியத் தொடங்கிய பழைய தாளை ஒருபோதும் ஃபீடரில் விடாதீர்கள். கண்ணாடியில் இரண்டு பகுதியாக எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்துணரி அச்செழுத்தை நன்றாகவே படிக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்கள் உள்ள தாள்களில் தடுமாறும். கையெழுத்துப் பத்திரத்தில் அதை நம்பவே முடியாது. அவற்றைப் படமாகவே வைத்து, ஃபைல் பெயரில் பத்திர எண்ணையும் ஆண்டையும் எழுதுங்கள்.

மெஷினை விற்கும்போது, திருப்பிக் கொடுக்கும்போது

அட்ரஸ் புக்கில் உங்கள் ஃபோல்டரின் பாஸ்வேர்டும் மெயிலின் ஆப் பாஸ்வேர்டும் இருக்கின்றன. வாடகைக்கு வரும் பெரிய மெஷின்கள் பலவற்றில் ஹார்டு டிஸ்க்கும் உண்டு. அனுப்பும் முன் பேனலில் எல்லாத் தகவலையும் அழிக்கும் தேர்வை ஓட்டுங்கள். முடிந்ததும் அட்ரஸ் புக்கைத் திறந்து காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கம்ப்யூட்டரில் அந்த ஸ்கேன் கணக்கை நீக்குங்கள், கூகுள் கணக்கில் அந்த ஆப் பாஸ்வேர்டை ரத்து செய்யுங்கள். ரவுட்டரில் ஒதுக்கிய 192.168.1.50-ஐ அடுத்து வரும் மெஷினின் மேக் முகவரிக்கு மாற்றிக் கொடுங்கள்.